கோப்பை தொடாத பெரும் ஆட்டக்காரர்: டோனி கொன்சாலெஸும் டைட் எண்ட் என்னும் கடினமான வேலையும்

அமெரிக்கக் கால்பந்தில் டைட் எண்ட் இடத்தில் ஆடுபவரின் தொழில் வாழ்க்கை எப்படி அமைகிறது, லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் ஒருமுறைகூடக் களமிறங்காத டோனி கொன்சாலெஸை அந்த இடத்தின் தலைசிறந்தவர் என்று பலர் சொல்வது சரிதானா, இன்றைய ஆட்டத்தில் அவர் எடுபடுவாரா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்விகளுக்கும் அவருடைய வாழ்க்கையை வைத்தே பதில் சொல்ல முடியும் என்பதால் அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடலை உடைத்துப்போடும் அந்த இடத்தில், வாரந்தோறும் தவறாமல் களத்தில் நிற்பதும், வந்த பந்தை நழுவவிடாமல் பிடிப்பதும்தான் மிக அரிய திறமைகள். அந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அவரை மிஞ்சிய டைட் எண்ட் இதுவரை யாரும் இல்லை என்பது என் எண்ணம். கோப்பை கிடைக்காததை அவருடைய குறையாக நான் எண்ணவில்லை.

முதலில் அந்த இடத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். தாக்கும் அணியின் பதினொரு பேரில் ஐந்து பேர் முன்வரிசையில் நின்று எதிராளிகளைத் தடுப்பதற்கென்றே இருப்பவர்கள். சிறப்பு ஏற்பாடு இல்லாமல் அவர்கள் பாஸ் பந்தை, அதாவது கையால் முன்னோக்கி எறியப்படும் பந்தை, பிடிக்க விதியே இடம் தராது. ஓரங்களில் தள்ளி நிற்கும் வைடு ரிசீவர்கள் ஓடிப் பந்தைப் பிடிப்பவர்கள். அவர்களிடம் பெரிய தடுப்பு வேலையை யாரும் எதிர்பார்ப்பதில்லை. இந்த இரு கூட்டத்துக்கும் நடுவே, முன்வரிசையின் கடைசி ஆளான டாக்கிளின் தோளை ஒட்டி நிற்பவர்தான் டைட் எண்ட். ஒரு கையைத் தரையில் ஊன்றிக் குனிந்து நிற்கும் அவர், ஆட்டம் ஓட்டமாகப் போகிறதென்றால், எதிரே நிற்கும் 120 கிலோவுக்கும் மேற்பட்ட டிஃபென்சிவ் எண்டை மார்போடு மார்பாக மோதி நகர்த்த வேண்டும். பாஸ் என்றால், அதே ஆளின் கைகளிலிருந்து விடுபட்டு ஓடி, தற்காப்பின் நடு வரிசையான லைன்பேக்கர்களுக்குப் பின்னாலும் கடைசி வரிசையான சேஃப்டிகளுக்கு முன்னாலும் உள்ள சிறு இடைவெளியில் திரும்பி நின்று, இரண்டு பக்கமிருந்தும் இடி விழப்போவதை அறிந்துகொண்டே பந்தைப் பிடிக்க வேண்டும். கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பரிடம் மட்டையாட்டத்தையும் எதிர்பார்ப்பதுபோல, ஒரே ஆளிடம் இரண்டு தொழில்களைக் கேட்கும் இடம் இது.

இதனால்தான் டைட் எண்டுகளின் வளர்ச்சி பெரும்பாலும் மெதுவாக இருக்கிறது. முன்வரிசையின் தடுப்பு முறைகளையும் ரிசீவர்களின் ஓட்டப் பாதைகளையும் சேர்த்துக் கற்க வேண்டியிருப்பதால், பெரிய பெயரோடு வரும் இளைஞர்கள்கூட முதல் இரண்டு ஆண்டுகள் தடுமாறுவார்கள். அணிகள் வழக்கமாக மூன்று, நான்கு டைட் எண்டுகளை வைத்திருக்கும். அவர்களில் ஒருவர்தான் பந்து பிடிப்பதில் பெயர் வாங்குவார். மற்றவர்கள் தடுப்பு வேலையையும் பந்தை உதைக்கும் கிக் ஆஃப், பண்ட் போன்ற வேளைகளில் இறங்கும் சிறப்பு அணிகளில் கிடைக்கும் வேலையையும் நம்பி, பல வேளைகளில் ஓராண்டு ஒப்பந்தங்களிலேயே காலத்தை ஓட்டுவார்கள். வீரர்கள் சங்கம் சொல்லிவரும் கணக்குப்படி என்எஃப்எல் என்னும் தொழில்முறை லீகில் ஆடும் ஒரு வீரரின் தொழில் வாழ்க்கை சராசரியாக மூன்றரை ஆண்டுகளுக்கும் குறைவு; லீக் நிர்வாகம் வேறு அளவுகோலை வைத்து அதைவிடக் கூடுதலாகச் சொல்கிறது. ஓய்வூதியத்துக்கு உரிமை பெற மூன்று பருவங்கள் கணக்கில் சேர வேண்டும். அந்த மூன்றாவது பருவத்தை எட்டுவதே பலருக்குப் பெரிய சாதனை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் கொன்சாலெஸ் ஆடிய பதினேழு பருவங்களின் எடை விளங்கும்.

அவருக்கு முன் வந்தவர்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1961இல் சிகாகோ பேர்ஸ் அணிக்கு வந்த மைக் டிட்கா தம் முதல் பருவத்திலேயே பந்தைப் பிடித்து 1,076 யார்டுகள் முன்னேறி, எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுசேர்க்கும் டச்டவுன்கள் 12 எடுத்து, டைட் எண்ட் என்பவர் வெறும் தடுப்பாளர் அல்லர் என்று காட்டினார். பால்டிமோர் கோல்ட்ஸ் அணியின் ஜான் மேக்கி பந்தைப் பிடித்த பிறகு எதிராளிகளை உதறிவிட்டு நெடுந்தூரம் ஓடக்கூடியவர். 1978இல் லீக் தன் விதிகளை மாற்றி, ஐந்து யார்டுகளுக்கு அப்பால் ரிசீவர்களை இடித்துத் தடுக்கக் கூடாது என்றது. அதன் முழுப் பயனையும் எடுத்துக்கொண்டவர் சான் டியேகோ சார்ஜர்ஸின் கெல்லன் வின்ஸ்லோ. பயிற்சியாளர் டான் கோரியல் அவரை ஒரே இடத்தில் நிறுத்தாமல் களத்தின் எந்த மூலையிலிருந்தும் ஓடவிட்டார், 1980இல் அவர் 1,290 யார்டுகள் எடுத்தார். 1990களில் டென்வரின் ஷானன் ஷார்ப் வந்தார். 815 பிடிகள், 10,060 யார்டுகள், 62 டச்டவுன்கள் என்ற அவருடைய கணக்குதான் கொன்சாலெஸ் தாண்ட வேண்டியிருந்த மலை.

கொன்சாலெஸ் 1976ஆம் ஆண்டு பிப்ரவரி 27 அன்று கலிஃபோர்னியாவின் டொரன்ஸ் நகரில் பிறந்தார். ஹன்டிங்டன் பீச் உயர்நிலைப் பள்ளியில் கால்பந்து, கூடைப்பந்து இரண்டையும் ஆடினார். 1994இல் ஆரஞ்சு கவுண்டியின் சிறந்த பள்ளி விளையாட்டு வீரர் என்ற விருதை அவரோடு பகிர்ந்துகொண்டவர் டைகர் உட்ஸ். பள்ளி நாட்களில் தம்மை மிரட்டிய பையன்களுக்கு அஞ்சி ஒளிந்து திரிந்ததாக அவரே பிற்காலத்தில் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலும் இரண்டு ஆட்டங்களையும் விடவில்லை. 1997இல் தேசியக் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டியில் கடைசிப் பதினாறு அணிகளுள் ஒன்றாக முன்னேறிய அணியில் அவர் முக்கியமான ஆள். அடுத்த மாதமே, அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் என்எஃப்எல் டிராஃப்ட் நடந்தது. கேன்சஸ் சிட்டி சீஃப்ஸ் அணி தேர்வு வரிசையில் இடமாற்றம் செய்து முன்னேறி, 13ஆவது தேர்வாக அவரை எடுத்தது.

அவர் பந்து பிடிக்கும் விதத்தைக் கூர்ந்து பார்த்தால் கூடைப்பந்தின் சாயல் தெளிவாகத் தெரியும். கூடையில் பட்டுத் திரும்பும் பந்துக்காகக் காத்திருக்கும்போது, ஆட்டக்காரர் எதிராளியைத் தம் முதுகால் அணைத்துத் தள்ளி நிறுத்திக்கொண்டு, பந்து இறங்கும் இடத்தைத் தமக்கென்று பிடித்து வைத்துக்கொள்வார். கொன்சாலெஸ் இதையே புல்தரையில் செய்தார். ஆறடி ஐந்து அங்குல உயரமும் ஏறத்தாழ 112 கிலோ எடையும் கொண்ட அவர், ஓட்டப் பாதையின் முடிவில் வந்து நின்று திரும்பும்போது பின்னால் வரும் காவலரைத் தம் இடுப்பாலும் தோளாலும் பூட்டிவிடுவார். பிறகு பந்து தம் மார்பை எட்டும்வரை காத்திராமல், இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, தாம் எட்டக்கூடிய மிக உயரமான புள்ளியில் விரல்களால் பறித்துக்கொள்வார். காவலர் அதைத் தட்டிவிட வேண்டுமென்றால் அவருடைய உடலைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். வருவதற்குள் பந்து கையடக்கமாகிவிடும். இதில் வேகத்துக்கு அதிக வேலை இல்லை. கோணத்துக்கும் நேரத்துக்கும்தான் வேலை. வயது ஏற ஏற வேகம் குறையும், கோணம் பற்றிய அறிவு குறையாது. அவர் முப்பத்தேழு வயதுவரை நிலைத்ததற்குப் பெரிய காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் இந்தக் கைகள் பிறவியிலேயே அப்படி அமைந்துவிட்டவை என்று எண்ணிவிட வேண்டாம். முதல் பருவமான 1997இல் அவர் 33 பந்துகளையே பிடித்தார். அந்த ஆண்டு சீஃப்ஸ் 13 வெற்றிகளோடு, தோற்றால் வெளியேற வேண்டிய பிளே ஆஃப் சுற்றுக்குள் நுழைந்து, சொந்த மைதானமான ஆரோஹெட்டிலேயே டென்வரிடம் 14க்கு 10 என்று தோற்றது. 1998 அதைவிட மோசம். 59 பந்துகளைப் பிடித்தார் என்றாலும், லீகிலேயே மிக அதிகமாகப் பந்தைக் கைநழுவ விட்டவர்களுள் ஒருவராக இருந்தார். எளிய பந்துகளும் கையில் பட்டுக் கீழே விழுந்தன, ரசிகர்கள் கூச்சலிட்டார்கள், முதல் சுற்றுத் தேர்வை அணி வீணாக்கிவிட்டது என்ற பேச்சு கிளம்பியது. அதன் பிறகு அவர் தம் பயிற்சியையே மாற்றியமைத்துக்கொண்டார். பெரிய விளையாட்டு வீரர்கள் எப்படி உழைத்தார்கள் என்று தேடிப் படித்தார். அணியின் பயிற்சி தொடங்குவதற்கு முன்பும் முடிந்த பிறகும், ஒரு பயிற்சிக்கும் அடுத்ததற்கும் இடையே மற்றவர்கள் தண்ணீர் குடிக்கும் சிறு இடைவேளைகளிலும், யாரையாவது எறியச் சொல்லி விதவிதமான கோணங்களிலிருந்து பந்துகளைப் பிடித்துக்கொண்டே இருந்தார். ஒப்பந்தம் கையில் வந்த பிறகும், புகழ் வந்த பிறகும், தம் கடைசிப் பருவம்வரையும் அந்தப் பழக்கத்தை அவர் விடவில்லை.

பலன் உடனே தெரிந்தது. 1999இல் 76 பிடிகள், 849 யார்டுகள், 11 டச்டவுன்கள். அந்த ஆண்டு தொடங்கி மொத்தம் 14 முறை, சிறந்த ஆட்டக்காரர்களுக்கான ப்ரோ பவுலுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2000இல் 93 பிடிகளோடு 1,203 யார்டுகள் எடுத்தார். 2004இல் அவருடைய உச்சம். பயிற்சியாளர் டிக் வெர்மீலின் தாக்குதல் முறையில், பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கான ட்ரென்ட் கிரீன் நெருக்கடியான எல்லா நேரங்களிலும் அவரையே தேடினார். பருவத்தின் கடைசி ஆட்டத்தில் சான் டியேகோவுக்கு எதிராக 14 பந்துகளைப் பிடித்து, ஆண்டுக் கணக்கை 102க்குக் கொண்டுபோனார். டைட் எண்டுகளில் அதற்கு முந்தைய உச்சம் பென் கோட்ஸ் 1994இல் பிடித்த 96 என்பதால் அது புதிய சாதனையானது. அதைவிடப் பெரிது, அந்தப் பருவத்தில் வைடு ரிசீவர்கள் உட்பட லீகில் எவருமே அவரைவிட அதிகப் பந்துகளைப் பிடிக்கவில்லை. அத்தனைக்கும் அந்த ஆண்டு சீஃப்ஸ் வென்றது ஏழு ஆட்டங்களே.

அவர் தடுப்பு வேலையில் எப்படி என்ற கேள்வி நியாயமானது. நேர்மையாகச் சொன்னால், தடுப்பில் அவரைவிடச் சிறந்த டைட் எண்டுகள் அவர் காலத்திலேயே பலர் இருந்தார்கள். தொடக்க ஆண்டுகளில் அது அவருடைய பலவீனமாகவே பேசப்பட்டது. பிறகு தேறினார். சீஃப்ஸின் ஓட்டக்காரர் பிரீஸ்ட் ஹோம்ஸ் 2003இல் 27 டச்டவுன்களை ஓடியே எடுத்தபோது, வில் ஷீல்ட்ஸ், வில்லி ரோஃப் ஆகிய மாபெரும் முன்வரிசை வீரர்களோடு ஒட்டி நின்று தடுத்தவர்களில் கொன்சாலெஸும் ஒருவர். ஆனாலும் எதிரணியின் டிஃபென்சிவ் எண்டைத் தனியாளாக நகர்த்துவதற்காக எவரும் அவரை அணியில் எடுத்திருக்கமாட்டார்கள். இதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது சரியல்ல.

2002இல் ஒரு விசித்திரமான கோடை வந்தது. சீஃப்ஸ் அணி ஃபிரான்சைஸ் டேக் என்னும் ஏற்பாட்டின் கீழ் அவரை நிறுத்திவைத்திருந்தது. ஒரு வீரர் வேறு அணிக்குப் போகாதபடி, அவர் ஆடும் இடத்தில் உச்சச் சம்பளம் வாங்குபவர்களின் சராசரியை ஒட்டி ஓராண்டு ஊதியம் கொடுத்துக் கட்டிப்போடும் முறை அது. நீண்ட ஒப்பந்தம் கையெழுத்தாகாமல் இழுபறியாக இருந்த அந்தச் சமயத்தில் அவர் மயாமி ஹீட் கூடைப்பந்து அணியின் கோடைகால ஆட்டங்களில் ஆடிப் பார்த்தார். பருவம் தொடங்குவதற்குள் சீஃப்ஸோடு ஏழாண்டு ஒப்பந்தம் முடிந்து, அவர் கால்பந்துக்கே திரும்பினார்.

டைட் எண்டுகளின் சம்பளப் பிரச்சினை இங்கேதான் இருக்கிறது. அவர்கள் வைடு ரிசீவரின் வேலையைச் செய்தாலும், தாளில் டைட் எண்ட் என்று எழுதியிருப்பதால் குறைவாகவே பெறுகிறார்கள். 2014இல் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸின் ஜிம்மி கிரஹாம் இதை எதிர்த்து முறையிட்டார். முந்தைய பருவத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆட்டங்களில் தாம் டாக்கிளை ஒட்டி நிற்காமல் தள்ளியே நின்றதாகவும், ஆகவே தம்மை வைடு ரிசீவராகக் கணக்கிட வேண்டும் என்றும் வாதிட்டார். அந்த ஆண்டு டைட் எண்டுக்கான டேக் தொகை சுமார் 70 லட்சம் டாலர், வைடு ரிசீவருக்கோ 1.2 கோடி டாலருக்கும் மேல். நடுவர் ஸ்டீஃபன் பர்பேங்க் அவரை டைட் எண்ட் என்றே தீர்த்துச் சொன்னார். கெல்லன் வின்ஸ்லோவும் கொன்சாலெஸும் அந்த இடத்தின் பொருளையே விரித்துவிட்ட பிறகும், ஊதியப் பட்டியல் பழைய பொருளிலேயே நின்றது எனக்கு அநீதியாகவே படுகிறது.

கேன்சஸ் சிட்டியில் அவருடைய கடைசி ஆண்டுகள் தோல்வியிலேயே கழிந்தன. 2007இல் அணி வென்றது நான்கு ஆட்டங்கள், 2008இல் இரண்டே இரண்டு. ஆனால் அந்த இரண்டு பருவங்களிலும் அவர் ஆயிரம் யார்டுகளைத் தாண்டினார். 2007இல் ஷார்ப்பின் பிடிகள் சாதனையையும் டச்டவுன் சாதனையையும் முறியடித்தார். 2008இல் யார்டுகள் சாதனையையும் கடந்தார். தமக்கு யார் பந்தை எறிகிறார்கள் என்பதே பருவத்துக்குப் பருவம் மாறிக்கொண்டிருந்த ஓர் அணியில் இதைச் செய்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். 2008 அக்டோபரில், வெல்லும் வாய்ப்புள்ள ஓர் அணிக்குத் தம்மை மாற்றிவிடும்படி கேட்டுக்கொண்டார், அப்போது நடக்கவில்லை. 2009 ஏப்ரலில் அட்லாண்டா ஃபால்கன்ஸ் அணி, அடுத்த ஆண்டின் இரண்டாம் சுற்று டிராஃப்ட் தேர்வு ஒன்றைக் கொடுத்து அவரைப் பெற்றுக்கொண்டது. அவருக்கு அப்போது வயது முப்பத்து மூன்று. அந்த வயதில் பெரும்பாலான டைட் எண்டுகள் ஓய்வு பெற்றிருப்பார்கள்.

அவருடைய உடல் ஏன் தாங்கியது என்பதற்கு அதிர்ஷ்டம் ஒரு பகுதிக் காரணம், அதை மறுக்க முடியாது. ஆனால் உணவுப் பழக்கமும் சேர்ந்தே உதவியது. 2007ஆம் ஆண்டையொட்டி அவருக்கு முகத்தின் ஒரு பக்கத் தசைகள் செயலிழக்கும் நோய் வந்து, பின்பு குணமானது. அந்த அதிர்ச்சியில் தம் உணவைப் பற்றி யோசிக்கத் தொடங்கி, இறைச்சியையும் பாலையும் அறவே நிறுத்திப் பார்த்தார். எடையும் பலமும் குறைந்து, வழக்கமாகத் தூக்கும் எடைகளையே தூக்க முடியாமல் போனதும், அதை அப்படியே பிடிவாதமாகத் தொடரவில்லை. ஆலோசனை கேட்டு, பெரும்பாலும் காய்கறி, பருப்பு, தானியம் என்று வைத்துக்கொண்டு, சிறிதளவு மீனும் கோழியும் சேர்த்துக்கொண்டார். 2007, 2008 ஆகிய இரண்டு பெரும் பருவங்களும் அந்த மாற்றத்துக்குப் பின் வந்தவை. பதினேழு பருவங்களில் நடந்த 272 ஆட்டங்களில் 270இல் அவர் ஆடினார், தவறியவை இரண்டே. கடைசியாகத் தொடர்ந்து 211 ஆட்டங்களில், ஒன்றுகூட விடாமல், குறைந்தது ஒரு பந்தையாவது பிடித்திருந்தார். 1,325 முறை பந்தைப் பிடித்து ஓடியவர், அது கைநழுவி எதிரணியிடம் போகும்படி விட்டது தம் வாழ்நாளில் இரண்டே முறை. எனக்கு இந்த எண்களுக்கு முன் டச்டவுன் எண்கள்கூடச் சிறியவையாகவே தெரிகின்றன. பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு டவுன்களில், அதாவது முயற்சிகளில், மூன்றாவதில், ஆறேழு யார்டுகள் தேவைப்படும் நேரத்தில், இந்த மனிதரிடம் எறிந்தால் பந்து பத்திரமாக இருக்கும் என்ற நம்பிக்கையை ஒவ்வொரு குவார்ட்டர்பேக்குக்கும் கொடுத்தது இதுதான்.

இனி, கோப்பை. கேன்சஸ் சிட்டியோடு 1997, 2003, 2006 பருவங்களிலும், அட்லாண்டாவோடு 2010, 2011 பருவங்களிலும் அவர் பிளே ஆஃபில் ஆடினார். ஐந்து முறையும் முதல் ஆட்டத்திலேயே வெளியேற்றம். 2003 பருவத்தில் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸிடம் 38க்கு 31 என்று தோற்ற ஆட்டத்தில் இரண்டு அணிகளுமே ஒருமுறைகூடப் பண்ட் அடிக்கவில்லை, அதாவது முன்னேற முடியாமல் பந்தை உதைத்து எதிரணிக்கு விடவில்லை. சீஃப்ஸின் தாக்குதல் எந்தக் குறையும் வைக்கவில்லை, கோல்ட்ஸின் குவார்ட்டர்பேக் பெய்டன் மேனிங்கை நிறுத்தத்தான் அவர்களுடைய தற்காப்பால் முடியவில்லை. ஒரு டைட் எண்ட் தற்காப்பிலும் நின்று ஆட முடியாது. அணியின் தோல்விக்குத் தனியாளைப் பொறுப்பாக்குகிறவர்கள் இந்த ஓர் ஆட்டத்தை மட்டுமாவது பார்க்க வேண்டும்.

2012 பருவம் முடிந்ததும் ஓய்வு பெறப்போவதாக அவர் முன்பே சொல்லியிருந்தார். 2013 ஜனவரி 13 அன்று அட்லாண்டாவில் சியாட்டில் சீஹாக்ஸோடு ஆட்டம். இடைவேளையில் ஃபால்கன்ஸ் 20க்கு 0 என்று முன்னிலை. அதில் ஒரு டச்டவுன் கொன்சாலெஸுடையது. நான்காம் கால்பகுதி தொடங்கும்போதும் 27க்கு 7. அதன்பின் எல்லாம் சரிந்தது. சியாட்டில் மூன்று டச்டவுன்களை எடுத்து, ஆட்டம் முடிய 31 வினாடிகள் இருக்கையில் 28க்கு 27 என்று முந்திவிட்டது. ஃபால்கன்ஸின் குவார்ட்டர்பேக் மாட் ரையன் முதலில் ஹாரி டக்ளஸுக்கு 22 யார்டு பாஸ் ஒன்றை எறிந்தார். அடுத்த பந்து கொன்சாலெஸுக்கு. களத்தின் நடுவே ஓடிவந்தவர் 19 யார்டுகளுக்கு அதைப் பிடித்து விழுந்தார். உடனே டைம் அவுட். மாட் பிரையன்ட் 49 யார்டிலிருந்து உதைத்த முதல் பந்து குறி தவறிப் போனது, ஆனால் உதைப்பவரைக் குழப்புவதற்காக சியாட்டில் அதற்கு முன்பே டைம் அவுட் கேட்டிருந்ததால் அது கணக்கில் சேரவில்லை. இரண்டாவது உதை கம்பங்களுக்கு நடுவே போனது. 30க்கு 28. பதினாறு பருவங்களில் அவர் கண்ட முதல் பிளே ஆஃப் வெற்றி அது, கடைசி வெற்றியும் அதுவே. ஆட்டம் முடிந்ததும் அவர் அழுதார். அந்தக் கடைசித் தாக்குதலில் எத்தனையோ இளைய கால்கள் களத்தில் இருந்தும், பருவமே ஊசலாடிய அந்தப் பந்தை முப்பத்தாறு வயதுக்காரரிடம்தான் ரையன் எறிந்தார் என்பது அவர்மீது அணி வைத்திருந்த நம்பிக்கைக்குச் சான்று.

அடுத்த வாரம் சான் ஃபிரான்சிஸ்கோ 49அர்ஸோடு, சூப்பர் பவுலுக்கு முந்தைய பிரிவு இறுதி ஆட்டம். ஃபால்கன்ஸ் 17க்கு 0 என்று தொடங்கியது, இடைவேளைக்குச் சற்று முன் கொன்சாலெஸ் ஒரு டச்டவுனும் எடுத்தார், மொத்தம் எட்டுப் பந்துகளைப் பிடித்தார். முடிவு 28க்கு 24 என்ற தோல்வி. கடைசித் தாக்குதல் எதிரணியின் பத்து யார்டுக் கோட்டில், நான்காவது டவுனில் முடிந்துபோனது. சூப்பர் பவுலுக்கு அவர் மிக அருகில் வந்தது அந்தப் பத்து யார்டு தொலைவுதான். மனம் மாறி இன்னொரு பருவம் ஆடினார். 2013இல் அணி நான்கே ஆட்டங்களில் வென்றது, அவரோ முப்பத்தேழு வயதில் 83 பிடிகளும் 859 யார்டுகளும் 8 டச்டவுன்களும் எடுத்து விடைபெற்றார். மொத்தக் கணக்கு: 1,325 பிடிகள், 15,127 யார்டுகள், 111 டச்டவுன்கள். ஓய்வு பெற்றபோது பிடிகளின் எண்ணிக்கையில் லீகின் வரலாற்றிலேயே அவருக்கு முன்னால் இருந்தவர் ஜெர்ரி ரைஸ் ஒருவர்தான்; பிறகு லாரி ஃபிட்ஸ்ஜெரால்டு தாண்டினார். 2019இல், தகுதி பெற்ற முதல் ஆண்டிலேயே, ஓஹாயோ மாநிலத்தின் கேன்டனிலுள்ள புகழ் மன்றத்தில் இடம்பெற்றார். முதல் ஆண்டிலேயே அந்த மதிப்பைப் பெற்ற முதல் டைட் எண்ட் அவர்தான்.

டச்டவுன் எடுத்ததும் கோல் கம்பத்தின் குறுக்குச் சட்டத்துக்கு மேல் எம்பிப் பந்தைத் திணிப்பது அவருடைய அடையாளமாக இருந்தது. அந்தச் சட்டமும் கூடைப்பந்து வளையமும் ஒரே பத்தடி உயரம். 2013 நவம்பரில் ஜிம்மி கிரஹாம் அட்லாண்டாவில் அதையே செய்யப்போய்க் கம்பம் சாய்ந்துவிட, ஆட்டம் சற்று நேரம் நின்றது. மறு ஆண்டு லீக் அந்தக் கொண்டாட்டத்தைத் தடைசெய்துவிட்டது.

யார் தலைசிறந்தவர் என்ற வாதத்தில் எதிர்த்தரப்புக்கும் வலுவான ஆதாரங்கள் உண்டு. கல்லூரியில் கால்பந்தே ஆடாமல் கென்ட் ஸ்டேட்டில் கூடைப்பந்து மட்டும் ஆடி, டிராஃப்டில் எந்த அணியாலும் எடுக்கப்படாமல் வந்த அன்டோனியோ கேட்ஸ் 116 டச்டவுன்களோடு அந்தக் கணக்கில் கொன்சாலெஸைத் தாண்டினார். ராப் கிரான்கவ்ஸ்கி, உடல் நலத்தோடு இருந்த நாட்களில், தடுப்பிலும் பிடிப்பிலும் எவரையும்விட ஆபத்தானவர். 2011இல் 17 டச்டவுன்களைப் பிடித்தார், நான்கு சூப்பர் பவுல்களை வென்றார். ஒரே ஓர் ஆட்டத்துக்கு யாரை எடுப்பீர்கள் என்று கேட்டால் நானும் அவரைத்தான் சொல்வேன். ஆனால் முதுகு, முன்கை, முழங்கால் என்று அடுத்தடுத்து அறுவைச் சிகிச்சைகளுக்கு ஆளாகி, இருபத்தொன்பது வயதில் முதன்முறை ஓய்வை அறிவித்தவர் அவர். திரும்பி வந்து ஆடியதையும் சேர்த்து அவர் ஆடிய ஆட்டங்கள் 143. கேள்வி ஒரு முழுத் தொழில் வாழ்க்கையைப் பற்றியது என்றால் 143க்கும் 270க்கும் உள்ள இடைவெளியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

அந்த இடைவெளிக்குப் பின்னால் இன்னொரு கனமான விஷயமும் இருக்கிறது. கொன்சாலெஸ் அணிந்த 88ஆம் எண்தான் ஜான் மேக்கியின் எண்ணும். வீரர்கள் சுதந்திரமாக அணி மாறும் உரிமைக்காக லீகை நீதிமன்றத்துக்கு இழுத்து வென்றவர் மேக்கி. பிற்காலத்தில் மறதி நோய்க்கு ஆளாகி 2011இல் இறந்தார். அவருடைய நிலையைக் கண்டுதான், நினைவாற்றல் இழந்த முன்னாள் வீரர்களின் பராமரிப்புச் செலவுக்கு உதவும் 88 திட்டம் என்ற ஏற்பாடு 2007இல் தொடங்கப்பட்டது. களத்தின் நடுப்பகுதியில் பந்தைப் பிடிப்பவர்களின் தலையில் விழும் இடிகளின் விலை இப்போதுதான் மெல்ல மெல்லத் தெரியவருகிறது. ஒரு டைட் எண்டின் வாழ்க்கையைப் பேசும்போது இதைச் சொல்லாமல் விடக் கூடாது.

கடைசிக் கேள்வி, இன்று அவர் எடுபடுவாரா என்பது. இன்னும் கூடுதலாகவே எடுபடுவார் என்று நினைக்கிறேன். 2004இல் ஐந்து யார்டு விதியைக் கடுமையாக நடைமுறைப்படுத்தத் தொடங்கினார்கள். தற்காத்துக்கொள்ள முடியாத நிலையிலுள்ள ரிசீவரின் தலையில் இடிப்பதற்கான தண்டனைகள் 2010க்குப் பிறகு வெகுவாகக் கூடின. அவருடைய முதல் ஏழு பருவங்கள் இந்தப் பாதுகாப்புகள் எவையும் முழுமையாக இல்லாத காலம். இப்போது பருவத்துக்குப் பதினேழு ஆட்டங்கள் வேறு. அவருடைய கடைசிப் பருவத்தில்தான் சீஃப்ஸ் அணிக்கு ட்ராவிஸ் கெல்சி வந்தார். 2016 முதல் 2022 வரை தொடர்ந்து ஏழு பருவங்கள் ஆயிரம் யார்டுகளைக் கடந்த அவர், கொன்சாலெஸ் அந்த அணியில் விட்டுச்சென்ற 916 பிடிகள், 10,940 யார்டுகள், 76 டச்டவுன்கள் ஆகிய மூன்றையும் 2024 முடிவதற்குள் தாண்டிவிட்டார். கெல்சியின் திறமையில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆனால் அவருக்குப் பல ஆண்டுகளாகப் பந்தை எறிபவர் பேட்ரிக் மஹோம்ஸ், அணியை நடத்துபவர் ஆண்டி ரீட். கொன்சாலெஸுக்குக் கேன்சஸ் சிட்டியின் பன்னிரண்டு ஆண்டுகளில் எல்விஸ் கர்பாக் தொடங்கி டைலர் திக்பென் வரை பல குவார்ட்டர்பேக்குகளும், நான்கு தலைமைப் பயிற்சியாளர்களும் வந்துபோனார்கள். மஹோம்ஸைப் போன்ற ஒருவர் பத்தாண்டு எறிந்திருந்தால் அந்த எண்கள் எங்கே போய் நின்றிருக்கும் என்பதை, 2013 ஜனவரி ஆட்டத்தின் கடைசி 31 வினாடிகளைப் பார்த்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.